கைரொல்லாவின் பெட்டி இரைந்த கதை

என் தம்பி கைரொல்லாவால் ஒரு சத்தத்தைச் சும்மா விட முடியாது. பிரிட்ஜ் நேற்று முனகியதற்கும் இன்று முனகுவதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் படுத்து அதன் அடியில் காதை வைப்பான். பஸ்ஸில் போனால் ஓட்டுநரிடம் போய், "பின் சக்கரத்துல பேரிங் போகப் போகுது தம்பி" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு வருவான். இரண்டு நாளில் அந்த பஸ் ஏரிக்கரைச் சாலையில் நிற்கும். இவன் அதைக் கடந்து போகும்போது ஜன்னலில் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான், அவ்வளவு பெரிய மனசு.

முப்பத்தொரு வருஷம் செம்பு ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்தான். பாறையை இரும்புக் குண்டு போட்டு அரைக்கும் கொட்டகையில் வேலை. அங்கே ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் காதைப் பிடித்து இழுத்து வைத்துத்தான் பேச வேண்டும். அந்தக் கொட்டகை அவன் காதில் பாதியைத் தின்றுவிட்டது. தடித்த சத்தமெல்லாம் கேட்கும், நம்மைவிட நன்றாகவே கேட்கும். மெல்லிய சத்தம் கேட்காது. குருவி கேட்காது, கொசு கேட்காது. அடுப்பில் கெட்டில் விசிலடித்து அடி கருகிப் போனது மூன்று முறை. வருஷா வருஷம் ஆலை மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

அவன் மனைவி கமார் கடைசி நாலு மாதம் படுத்த படுக்கையாக இருந்தபோது அவள் குரல் நூலாக இளைத்துப் போயிற்று. அடுத்த அறையிலிருந்து அவள் கூப்பிடுவது இவனுக்குக் கேட்கவில்லை. கட்டிலின் இரும்பில் கரண்டியால் தட்டுவாள், அப்போதுதான் ஓடுவான். அந்தக் கரண்டி இன்னும் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் புழங்குவதில்லை.

கமாரின் காரியம் முடியும் வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் நான். மூன்று வருஷமாகிறது, என் சூட்கேஸ் அலமாரிக்கு மேலேயே இருக்கிறது. நான் குல்யாஷ், கைரொல்லாவுக்கு நாலு வயது மூத்தவள். இருபத்தேழு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று நான் தெளிவாகத்தான் சொல்வேன், அந்த ஒலிபெருக்கி அதைக் குதப்பித் துப்பும். வண்டியைத் தவறவிட்டவர்கள் ஒலிபெருக்கியைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்கள். ஆகவே இந்த வீட்டில் நான் ஒரு பேச்சு சொன்னால் அது எல்லோருக்கும் கேட்க வேண்டும், எல்லோரும் அதன்படி நடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

போன இலையுதிர் காலத்தில் கைரொல்லாவின் மகன் எர்தெனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் கரகண்டா ஊர்க்காரி, பெயர் ஷினார். சீதனத்தோடு வந்த மெத்தைகளையும் தலையணைகளையும் நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு நீளமான கறுப்புப் பை கிடந்தது.

"இது என்னம்மா, படகா?" என்றேன்.

"கிதார், அத்தை" என்றாள், தரையைப் பார்த்தபடி. மின்சார கிதார். கல்லூரியில் படிக்கும்போது நாலு பேரோடு சேர்ந்து மேடைகளில் வாசித்தவளாம். அவள் வாசித்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் அந்தக் கூட்டத்துக்குப் பொது, அதனால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மருமகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லலாம், அப்படி இருந்தாள். காலையில் எழுந்ததும் தலையில் துணி கட்டிக்கொண்டு மாமனாரைக் குனிந்து வணங்குவாள். அவன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். மூலைக் கடைக்காரர் பெயரும் கைரொல்லாதான், அதனால் அந்தக் கடையை "பச்சைக் கதவுக் கடை" என்பாள். வந்த மூன்றாம் நாள் நானே அவளைச் சமையலறையில் உட்கார வைத்து வழிமுறைகளைச் சொல்லிக் கொடுத்தேன். டீயை எப்படி ஊற்றுவது, யார் வந்தால் யாருக்கு எந்த இடம் என்று எல்லாம். கடைசியாக, "மாமனார் கையால எது செஞ்சாலும் நல்லாருக்குன்னு சொல்லணும். அவன் அடிச்ச ஆணி கோணலா இருந்தாலும் நல்லாருக்கு. புரியுதா?" என்றேன். தலையாட்டினாள். நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று எனக்கு அன்றைக்குப் பெரிய திருப்தி.

எர்தென் மேற்கே எண்ணெய் வயலில் வேலை செய்கிறான், மூன்று மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. அவன் இல்லாத மாதங்களில் ஷினார் வேலையெல்லாம் முடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்துக்கொள்வாள். ஆம்ப்ளிஃபயர் இல்லாத மின்சார கிதார் எவ்வளவு கேட்கும்? எனக்கே கொஞ்சம்தான் கேட்டது. ஒருநாள் கைரொல்லா கதவோரம் நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து கேட்டான்.

"அக்கா, அந்தப் பொண்ணு வாசிக்குதா, இல்ல சும்மா தடவிக்கிட்டிருக்கா?"

"வாசிக்கிறாடா. நல்லாத்தான் வாசிக்கிறா."

மறுநாள் கிடங்கிலிருந்து ஒரு பழைய ரேடியோகிராமைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தான். அதிலிருந்து ஸ்பீக்கர், அதிலிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர். பழைய ரேடியோக்களில் பல்பு மாதிரி எரியும் வால்வுகளை ஊரில் பாதிப் பேரின் பரணிலிருந்து கேட்டு வாங்கினான். பழைய ரொட்டிப் பெட்டியின் அலுமினியத் தகடுதான் அடித்தளம். "மருமகளுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி செய்யறேன்" என்று கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். கமார் போன பிறகு அவன் எதைப் பற்றியாவது வலியப் போய்ப் பேசியது அதுதான் முதல் முறை. அதனால் கூடம் முழுக்க ஈயப் புகை நாறியதை நான் பொறுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் பெட்டிக்கு முதன்முதலாக ஸ்விட்சைப் போட்டான். வால்வுகள் செம்மஞ்சளாகச் சிவந்தன. பிறகு ஸ்பீக்கரிலிருந்து எருமை முக்குவது போல ஒரு சத்தம் கிளம்பி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிதாரை இன்னும் சொருகவே இல்லை.

"இது பாட்டா, எருமையா?" என்றேன்.

"சும்மா இரு அக்கா. இது கரண்டோட இரைச்சல். எந்த வழியா உள்ள வருதுன்னு பாக்கணும்."

அதற்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. கடைசியில் இருக்கும் வால்வு ஸ்பீக்கருக்குப் பக்கம், முதலில் இருப்பது கிதாருக்குப் பக்கம். முதல் வால்வை மட்டும் பிடுங்கிப் பார்ப்பான். சத்தம் நின்றால் தப்பு அந்தப் பக்கம். நிற்காவிட்டால் அடுத்தது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே தொட வேண்டுமென்றால் இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்வான், வலது கையில் சீவிய மரக்குச்சி. இரண்டு கையையும் உள்ளே விடுகிறவனைத்தான் மின்சாரம் கொல்லும் என்பான். குச்சியால் ஒவ்வொரு வால்வாகத் தட்டுவான், ஒன்று மட்டும் கிணுங்கென்று அதிரும். அதை எடுத்துவிட்டு வேறு போடுவான்.

எங்கள் கட்டடத்தில் சுவர் பிளக்குக்கு எர்த் கிடையாது. துணி துவைக்கும் மெஷினிலிருந்து எல்லாவற்றுக்கும் எல்லோரும் வெந்நீர்க் குழாயில்தான் ஒயரைக் கட்டுவார்கள். இவனும் கட்டினான். இரைச்சல் இரண்டு மடங்காயிற்று. கட்டடம் முழுக்க இருக்கிற மெஷின்களின் அழுக்கெல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் ஓடுகிறது என்று மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்து அவிழ்த்தான். பெட்டிக்குள் அங்கங்கே தகட்டில் தொட்டுக்கொண்டிருந்த ஒயர்களையெல்லாம் ஒரே ஒரு திருகாணிக்குக் கொண்டுவந்தான். முக்கல் முனகலாயிற்று. வால்வைச் சூடாக்கும் இரண்டு ஒயர்களையும் சடைபோல முறுக்கினான்.

"பொண்ணு பெத்திருந்தா சடை பின்னியிருப்ப. இப்ப ஒயருக்குப் பின்னுற" என்றேன்.

"அதான் மருமக வந்துட்டாளே" என்றான், தலையைத் தூக்காமல். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஷினாருக்கு அது கேட்டது. அவள் முகத்தை நான் பார்த்தேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் முனகலும் நின்றது. கடைசியாக உள்ளே கிடந்த ஒயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, மெழுகு நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டினான். ஆலையில் ஸ்விட்ச் பலகைகளுக்குப் பின்னால் அப்படித்தான் கட்டுவார்கள். தாறுமாறாக ஒயர் கிடந்தால் மேலதிகாரி வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வாராம். முப்பத்தொரு வருஷப் பழக்கம். திறந்து காட்டினான், பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூடியைப் போட்டு, பெட்டியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு சத்தம் இல்லை. பனி மூடிய ஏரி மாதிரி இருந்தது.

"வாசிம்மா" என்றான்.

ஷினார் கிதாரைச் சொருகினாள். ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு வாசித்தாள். அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கைரொல்லா ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். முடித்ததும், "எப்படிம்மா இருக்கு? ஏதாவது சத்தம் இருந்தா சொல்லு" என்றான்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "ரொம்ப நல்லாருக்கு மாமா" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அவனே பெட்டியைப் போட்டு வைப்பான், "வாசிக்கலியா?" என்பான். அவளும் வாசிப்பாள். முதலில் ஒரு மணி நேரம். பிறகு அரை மணி. பிறகு பத்து நிமிஷத்தில் எழுந்து, மாவு பிசைய வேண்டும் என்று போய்விடுவாள். எங்கள் பூனை இன்னும் மோசம். பெட்டியின் ஸ்விட்சைத் தட்டியதும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி, குளியலறைத் துணிக்கூடைக்குள் புகுந்துகொள்ளும். அதற்குச் சங்கீத ஞானம் கிடையாது என்று நான் கேலி செய்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் இசைப் பள்ளிக்காரர்கள் ஷினாருக்குப் போன் செய்தார்கள். வசந்தப் புத்தாண்டான நௌரிஸ் விழாவுக்கு நகர மண்டபத்தில் கச்சேரி, கிதாருக்கு ஆள் வேண்டும். அவள் மாவுக் கையோடு போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, "இல்ல, என்னால வர முடியாது. வேற யாரையாவது பாத்துக்குங்க" என்றாள். போனை வைத்த பிறகு வெகு நேரம் மாவையே பிசைந்துகொண்டிருந்தாள். நான் அதைக் கைரொல்லாவிடம் போய்ச் சொன்னேன். எனக்குத்தான் எதையும் அறிவிக்காமல் இருக்க முடியாதே.

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. "ரொட்டிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு மேடை ஏற வெக்கமா இருக்கும் அக்கா. விடு, சின்னப் பொண்ணு" என்றான். மறுநாள் மதியம் அவன் பெட்டியைப் போடத் தயங்கினான். பழக்க தோஷத்தில் போட்டான். அவளும் பழக்க தோஷத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு மாதமாகவே அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் எதையோ பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவள் வாசித்து முடித்து டீ கொண்டுவந்தாள். பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் கிண்ணத்தை வாங்கி, பால் விட்டு, டீயை ஊற்றினாள். ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். விளிம்பு வரை நிறைத்து என் கையில் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் டீ அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். குடிக்கக் குடிக்க ஊற்றுவதுதான் மரியாதை. கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"என்னம்மா, என் சூட்கேஸ எடுத்துக் கீழ வெச்சுட்டியா?" என்றேன்.

அவள் கேட்காதவள் மாதிரி அடுத்த கிண்ணத்தை எடுத்தாள். "ஏய், உன்னத்தான்" என்று தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினாள், தலைத்துணி விலகியது. காதுக்குள் பஞ்சு.

கைரொல்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"காதுல என்ன சீக்கு? எத்தன நாளா?"

பஞ்சை எடுத்துக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். "சீக்கு இல்ல அத்தை. அந்தப் பெட்டி விசிலடிக்குது."

"எப்ப?"

"போட்டதுலேருந்து அணைக்கிற வரைக்கும். ஊசி மாதிரி. அதுல கிண்ணம் நிறைஞ்சதக்கூட நான் கவனிக்கல. இப்பக்கூட அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயது. குளியலறைக் கூடைக்குள் ஓடி ஒளியும் பூனை நினைவுக்கு வந்தது. எனக்கு மளமளவென்று எல்லாம் விளங்கியது.

"பாவி மகளே, ஒரு மாசமா இதச் சொல்லாம என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"நீங்கதானே அத்தை சொன்னீங்க" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள். "மாமா இதுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டாரு. சத்தமே இல்லன்னு சந்தோஷமா நிக்கிறாரு. எப்படிச் சொல்றது? மண்டபத்துக்கு இத எடுத்துட்டுப் போனா அத்தன பேருக்கும் கேக்கும், அவருக்கு அவமானம். வேற பெட்டியில வாசிச்சா, ஊரே பாக்குமே, மருமக மாமனார் செஞ்சத ஒதுக்கிட்டான்னு. அதான் வரலன்னுட்டேன்."

இருபத்தேழு வருஷம் நான் சொன்னது யாருக்கும் புரியவில்லை என்று குறைப்பட்டவள். ஒரே ஒருத்திக்குப் புரிந்தது, அவள் அதை வைத்துக்கொண்டு தன் காதை அடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவளையே திட்டினேன்.

பிறகு நான் கூடத்துக்குப் போய்த் தம்பியின் எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "கைரொல்லா, உன் பெட்டி விசிலடிக்குதுடா. உனக்கும் கேக்கல, எனக்கும் கேக்கல. அவளுக்குக் கேக்குது. காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு வாசிக்கிறா" என்றேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான். ஸ்பீக்கருக்குப் பக்கம் காதைக் கொண்டுபோனான். இந்தக் காது, பிறகு அந்தக் காது. எழுந்து போய் அணைத்தான், மறுபடி போட்டான். ஊரில் எந்த மோட்டாரின் நோயையும் சொல்லக்கூடியவன் தன் கையால் செய்த பெட்டியின் முன்னால் நின்று ஒன்றும் கேட்காமல் விழித்தான். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"கமார் கூப்பிட்டதும் கேக்கல" என்றான் கடைசியில். "இதுவும் கேக்கல. வீட்டுல இருக்கிறவ கஷ்டப்படறது மட்டும் எனக்குக் கேக்காது போல."

"பேசாதடா அப்படி."

அவன் கேட்கவில்லை. பெட்டியை அணைத்தான். திருப்புளியால் மூடியைக் கழற்றி, ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றினான். மூன்றாவது வால்வைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சமையலறைக் கதவு திறந்தது.

"மாமா, அத எடுக்காதீங்க" என்றாள் ஷினார். தலை குனியவில்லை. "விசில் ஒண்ணுதான் மாமா தப்பு. மத்தபடி இந்த மாதிரிப் பெட்டியில நான் வாசிச்சதே இல்ல. விசில் மட்டும்தான்."

கைரொல்லா அவளை நிமிர்ந்து பார்த்தான். அழுவானோ என்று நான் பயந்தேன். அவன் செய்தித்தாளைப் பிரித்தான்.

"சத்தத்தக் கூட்டினா விசிலும் கூடுதா, அப்படியே இருக்கா?"

"கூட்டினா கூடுது."

"கிதாரப் பிடுங்கினா?"

"அப்பவும் இருக்கு."

"அப்ப கிதார்ல இல்ல, பெட்டிக்குள்ளதான் எங்கியோ" என்று வால்வைத் திரும்பச் சொருக ஆரம்பித்தான்.

அன்று மதியம் தொடங்கி வெளிச்சம் போகும் வரை நடந்ததை நான் மறக்கமாட்டேன். பெட்டியைக் கவிழ்த்து வைத்து, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குச்சியால் ஒவ்வொரு ஒயராக அழுத்தினான். ஷினார் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், மாமனார் முகத்தைப் பார்த்துக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு முறை "இப்ப பரவால்ல மாமா" என்றாள். பரவாயில்லை என்றால் இருக்கிறதா இல்லையா என்று அவன் தவித்தான்.

"திரும்பி உக்காருடி" என்றேன். "சுவத்தப் பாத்துச் சொல்லு. சுவத்துக்கு நீ மருமக இல்ல."

சுவரில் தொங்கிய கம்பளத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வந்தது.

"இருக்கு."

குச்சி நகர்ந்தது.

"இருக்கு. இருக்கு. அதிகமாயிருச்சு."

"இப்ப?"

"இன்னும் மோசம் மாமா" என்றாள் கம்பளத்திடம். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லு" என்றான் கைரொல்லா. அவன் முகம் தெளிந்திருந்தது. அவன் குச்சி அழுத்தியிருந்தது அந்த மெழுகு நூல் கட்டை. அழகாகக் கட்டினேன் என்று காட்டினானே, அதுதான். ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரையும் கிதாரிலிருந்து வருகிற ஒயரையும் ஒரே கட்டில் ஒட்டிப் படுக்க வைத்திருந்தான். வெளியே போகிற சத்தம் பக்கத்து ஒயர் வழியாகத் திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஆலையின் பலகையில் அப்படிக் கட்டினால் ஒன்றும் ஆகாது. இங்கே ஆயிற்று.

பெட்டியை அணைத்துவிட்டு ஒவ்வொரு முடிச்சாக அறுத்தான். கிதார் ஒயரைத் தகட்டோரமாகத் தனியே கொண்டுபோனான். முதல் வால்வின் காலடியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். உள்ளே இப்போது பார்க்கக் கோழி கிளறிய மாதிரி இருந்தது. மேலதிகாரி பார்த்தால் வெட்டி எறிந்திருப்பார். பெட்டியைப் போட்டான். வால்வுகள் சிவந்தன. எங்கள் இரண்டு பேருக்கும் முன்னைக்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இல்ல" என்றாள்.

"நல்லாக் கேட்டியா?"

"இல்ல மாமா. போயிருச்சு." திரும்பினாள். கன்னமெல்லாம் ஈரம். பூனை குளியலறையிலிருந்து வந்து, பெட்டியின் சூட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தது. இசைப் பள்ளிக்கு அன்றைக்கே போன் செய்து, ஷினார் வருவாள் என்று நானே சொன்னேன்.

நௌரிஸ் அன்று ஏரியில் இன்னும் பனிக்கட்டி இருந்தது, காற்று ஆளைத் தள்ளியது. காலையில் கஞ்சி குடித்துவிட்டு, பெட்டியைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல கைரொல்லா மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். நாங்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். ஐந்நூறு பேர் இருப்பார்கள். ஷினார் வெல்வெட் சட்டையும் வெள்ளைத் தலைத்துணியுமாக மேடைக்கு வந்து கிதாரைச் சொருகினாள். ஸ்பீக்கர் ங்ங்ங் என்று இரைந்தது. இது தடித்த சத்தம், மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

முன்பிருந்த ஷினாராக இருந்தால் அந்த இரைச்சலோடேயே வாசித்துவிட்டு இறங்கியிருப்பாள். அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு எங்கள் வரிசையைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் மைக் இருந்தது.

"மாமா," என்றாள், "பெட்டி இரையுது."

எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் உச்சுக்கொட்டினாள். "மருமகளா இது? மாமனார மேடையிலேருந்து கூப்புடுது."

"ஆமா" என்றேன். "எங்க வீட்டுல அப்படித்தான். நானே சொல்லிக் குடுத்தேன்."

கைரொல்லா அதற்குள் எழுந்துவிட்டான். கோட்டுப் பையில் சீவிய குச்சி இருந்தது. மேடையேறிப் பெட்டியின் பின்னால் குனிந்தான். பிறகு சுவர்ப் பக்கம் போய் இரண்டு கால் பிளக்கைப் பிடுங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடி சொருகினான். இரைச்சல் அடங்கியது. அவனுக்கே அது கேட்டிருக்கும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து நின்றான். அவள், "இல்ல மாமா" என்ற பிறகுதான் இறங்கி வந்தான்.

அவள் வாசித்தாள். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் தம்பி நன்றாகக் கேட்டான் என்பது மட்டும் தெரியும். பாதியில் அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, அந்த விசில் ஏதும் திரும்ப வந்திருக்கா?"

பழைய குல்யாஷாக இருந்தால் இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பேன். "எனக்குத் தெரியாதுடா. உனக்கு மாதிரித்தான் எனக்கும், கேக்காது" என்றேன். "இருந்தா அவ சொல்லுவா."

கைரொல்லா தலையாட்டினான். கையில் இன்னும் பிடித்திருந்த குச்சியைக் கோட்டுப் பைக்குள் போட்டான். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.